ரத்தக்குழாய்ச் செல் சர்க்கரையைப் பார்ப்பதில்லை

நீரிழிவு பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: "சர்க்கரை ஏறினால் ரத்தக்குழாயில் போய்ப் படிந்துவிடும், பிறகு அடைப்புதான்." சொல்பவர் விரல்களைக் குவித்துக் குழாய் சுருங்குவதையும் காட்டுவார். அப்படி எதுவும் படிவதில்லை. ஆனால் பல ஆண்டுகள் உயர்ந்தே இருக்கும் சர்க்கரை, கண்ணிலும் சிறுநீரகத்திலும் காலிலும் இதயத்திலும் உள்ள ரத்தக்குழாய்களைக் கெடுக்கிறது என்பது உண்மை. படியாத ஒன்று எப்படிக் கெடுக்கிறது? அதற்கான விடையில் ஒரு பகுதி, ரத்தக்குழாயின் உட்புறச் செல்கள் சில புரதங்களை "இது சரியில்லை" என்று கண்டுகொள்ளும் விதத்தில் இருக்கிறது.

கரைந்தது படியாது

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வளர்ந்தவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. வெறும் வயிற்றில் 100 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் குளுக்கோஸ் என்று வைத்துக்கொண்டால், மொத்த ரத்தத்திலும் இருப்பது 5 கிராம்தான். அது 300 ஆக எகிறினாலும் 15 கிராம். ஐந்து லிட்டர் நீரில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை முழுவதும் கரைந்துவிடும். அடியில் தங்க ஒன்றும் மிஞ்சாது.

இதய ரத்தக்குழாயில் மருத்துவர்கள் காணும் அடைப்பில் இருப்பவை கொழுப்பு, அதை விழுங்கிப் பருத்த வெள்ளணுக்கள், தழும்பு போன்ற நார்த்திசு, கால்சியம். சர்க்கரை அங்கே கட்டுமானப் பொருளாக இல்லை. அடைப்பு உருவாகும் சூழலை அமைத்துத் தருவதுதான் அதன் வேலை.

அந்தச் சூழல் ஒரே வழியில் அமைவதில்லை. அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் பிரவுன்லீ 2004ஆம் ஆண்டு நிகழ்த்திய, நீரிழிவு ஆய்வுக்கான பாண்டிங் சொற்பொழிவில், உயர்ந்த சர்க்கரை செல்லைக் கெடுக்கும் நான்கு பாதைகளை எடுத்துப் பேசினார். அவற்றில் ஒன்றை மட்டும்தான் இங்கே பார்க்கப் போகிறோம். மற்ற மூன்றும் இல்லை என்று பொருளல்ல.

பால்கோவா ஏன் பழுப்பாகிறது?

பால் வெள்ளை. அதை அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தால் சுண்டுகிறது, பிறகு மெல்லப் பழுப்பேறுகிறது. போட்ட சர்க்கரை கருகியதால் வந்த நிறம் என்று நினைப்போம். சர்க்கரை போடாமல் வெறும் பாலைச் சுண்டக் காய்ச்சினாலும் நிறம் மாறும். பாலிலேயே லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது, புரதமும் இருக்கிறது. சூட்டில் அந்தச் சர்க்கரை புரதத்தோடு இணைந்து, இணைந்தது மேலும் மாறி, பழுப்பு நிறமும் மணமும் கொண்ட பொருள்களாகிறது. இந்த வினையை 1912ஆம் ஆண்டு விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலர் லூயி கமில் மயார். முறுகிய தோசையின் நிறத்துக்கும் ரொட்டியின் மேல்தோலுக்கும் இதே வினை காரணம்.

இதை உவமையாகச் சொல்லவில்லை. நம் உடலுக்குள் நடப்பதும் இதே வேதிவினைதான். வேறுபாடு வேகத்தில். அடுப்பில் சில மணி நேரத்தில் முடிவது, 37 டிகிரி செல்சியஸில் வாரங்களும் ஆண்டுகளும் எடுக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் வேகமும் கூடும். புரதத்தோடு சர்க்கரை இப்படித் தானாகப் போய் ஒட்டிக்கொள்வதற்குக் கிளைகேஷன் என்று பெயர்.

"தானாக" என்பதைக் கவனிக்க வேண்டும். உடல் தன் தேவைக்காகவும் புரதங்களில் சர்க்கரை மூலக்கூறுகளைப் பொருத்துகிறது. நொதிகளின் மேற்பார்வையில், குறித்த இடத்தில், குறித்த வரிசையில் நடக்கும் ஒழுங்கான வேலை அது. ஏ, பி என்ற ரத்தவகை வேறுபாடே அப்படிப் பொருத்தப்பட்ட சர்க்கரைகளால் வருவதுதான். ஆகவே "சர்க்கரை ஒட்டிய புரதம் எல்லாமே கெட்டது" என்று சொல்ல முடியாது. நொதியின் கட்டுப்பாடு இல்லாமல், கிடைத்த இடத்தில் ஒட்டியதுதான் நம் விஷயம்.

மூன்று கட்டங்கள்

கிளைகேஷனில் முதற்கட்டப் பிணைப்பு தளர்வானது. சர்க்கரை குறைந்தால் சில மணி நேரத்தில் அது கழன்றுவிடக்கூடும். கழலாமல் இருந்தால் சில நாள்களில் உள்ளுக்குள் இடம் மாறி உறுதிப்படும். இது இரண்டாம் கட்டம். பிறகு ஆக்சிஜனேற்றமும் வேறு மாற்றங்களும் நடந்து, திரும்பிப் போக வழியில்லாத மூன்றாம் கட்டப் பொருள்கள் உருவாகும். இவற்றை ஆய்வாளர்கள் ஏஜிஇ என்று சுருக்கி அழைக்கிறார்கள். இங்கே "முற்றிய புரதம்" என்று சொல்லிக்கொள்வோம். இது ஒரே பொருளின் பெயரும் அல்ல, ஒரு பெரிய கூட்டத்தின் பெயர்.

பலரும் குழப்பிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. மூன்று மாதச் சராசரி என்று நாம் பார்க்கும் ஹெச்பிஏ1சி சோதனை அளப்பது, ஹீமோகுளோபினில் இரண்டாம் கட்டம்வரை வந்த மாற்றத்தை. நீரிழிவு உள்ளவர்களின் ரத்தத்தில் இந்த மாறிய ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதை 1968இல் டெஹ்ரானில் கண்டவர் சாமுவேல் ரஹ்பர். சிவப்பணு சுமார் 120 நாள்களே வாழ்கிறது. அது அழியும்போது அதனுள் இருந்த மாறிய ஹீமோகுளோபினும் போய்விடும். ஆனால் ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருப்பது. மூன்றாம் கட்டம் நிதானமாக அரங்கேறும் இடம் அதுதான். ஹெச்பிஏ1சி நன்றாக வந்திருப்பதை வைத்து, முற்றிய புரதம் உடலில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

குளுக்கோஸ் மட்டுமே இதைச் செய்வதும் இல்லை. செல் தன் எரிபொருளுக்காகச் சர்க்கரையை உடைக்கும்போது மெத்தில்கிளையாக்சால் என்ற துணைப்பொருள் பிறக்கிறது. புரதத்தோடு வினைபுரிவதில் குளுக்கோஸைவிட இது பல மடங்கு வேகமானது. புகையிலைப் புகையிலும் இந்த வகை வினைப்பொருள்கள் இருக்கின்றன. புகைபிடிக்கும் நீரிழிவு நோயாளிகளை மருத்துவர்கள் கூடுதலாகக் கடிந்துகொள்வதற்கான காரணங்களில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சுருக்கமாக: சர்க்கரை புரதத்தில் தானாக ஒட்டுகிறது, காலப்போக்கில் மாற்ற முடியாதபடி முற்றுகிறது. நெடுங்காலம் வாழும் புரதங்களில் அது அதிகம் சேர்கிறது.

விறைப்பது ஒரு சேதம், எதிர்வினை இன்னொரு சேதம்

முற்றிய புரதம் இரண்டு விதமாகத் தீங்கு செய்கிறது. முதல் விதம் எளிதில் புரியும்: பக்கத்துப் பக்கத்து கொலாஜன் நார்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. ரத்தக்குழாய்ச் சுவரின் நெகிழ்வு குறைகிறது. எந்தச் செல்லும் இதில் எதையும் "அறிய" வேண்டியதில்லை. வெறும் வேதியியல், வெறும் விறைப்பு.

இரண்டாவது விதம்தான் சுவாரசியமானது. அதற்கு ரத்தக்குழாயின் உட்படலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமனி, சிரை, நுண்குழாய் என எல்லா ரத்தக்குழாய்களின் உட்புறத்திலும் ஒற்றைச் செல் தடிமனில் ஒரு படலம் இருக்கிறது. எண்டோதீலியம் என்பது அதன் பெயர். வெறும் உறை என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. உண்மையில் அது ஓயாமல் வேலை செய்யும் திசு. நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டுக் குழாயைத் தளர்த்துகிறது. ரத்தம் தேவையில்லாமல் உறையாமல் பார்த்துக்கொள்கிறது. எந்த வெள்ளணு சுவரைத் தாண்டி உள்ளே போகலாம், எது போகக் கூடாது என்பதையும் தீர்மானிக்கிறது.

தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்று அறிய இந்தச் செல்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. ஏற்பி என்பது செல்லின் சவ்வைத் துளைத்து நிற்கும் புரதம். வெளிமுனையில் ஒரு பொருள் வந்து பிணைந்தால், உள்முனை வழியாகச் செல்லுக்குச் செய்தி போகும்.

ரேஜ் என்னும் ஏற்பி

முற்றிய புரதங்களோடு பிணையும் ஏற்பி ஒன்றை 1992இல் பசுவின் நுரையீரலிலிருந்து பிரித்தெடுத்தார்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆன் மேரி ஷ்மிட், டேவிட் ஸ்டெர்ன் ஆகியோரின் குழு இதில் முன்னணியில் இருந்தது. அந்த ஏற்பிக்கு ரேஜ் என்று பெயரிட்டார்கள். செல்லுக்கு வெளியே மூன்று மடிப்புகள், சவ்வைக் கடக்கும் ஒரு துண்டு, உள்ளே நாற்பது சொச்சம் அமினோ அமிலங்களே கொண்ட குட்டை வால். இவ்வளவுதான் அதன் உடல்.

இது சர்க்கரையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதற்கு வழக்கமாகச் சொல்லும் பூட்டு–சாவிக் கதையை இங்கே மறந்துவிடுவது நல்லது. இந்த ஏற்பி சர்க்கரையைத் தேடவே இல்லை. மூன்றாம் கட்டத்தை எட்டிய புரதத்தில், ஒட்டிய குளுக்கோஸ் குளுக்கோஸாகவும் இருப்பதில்லை, உடைந்து உருமாறிப்போயிருக்கும்.

ஏற்பி உணர்வது மின்னூட்டத்தை. சர்க்கரை பெரும்பாலும் போய் ஒட்டுவது லைசின் என்ற அமினோ அமிலத்தில். இயல்பான லைசின் நேர்மின்னூட்டம் கொண்டது. சர்க்கரை ஒட்டி முற்றிய பிறகு அந்த நேர்மின்னூட்டம் மறைந்துபோகும், அல்லது அந்த இடத்தில் எதிர்மின்னூட்டமே தலைகாட்டும். ரேஜின் வெளிமுனை மடிப்பிலோ நேர்மின்னூட்டம் நிறைந்திருக்கிறது. எதிரெதிர் மின்னூட்டங்கள் ஈர்க்கின்றன. மாறிய புரதம் அந்த முனையில் பொருந்துகிறது. ஒரு புரதத்தில் ஓரிடம் மட்டும் மாறியிருந்தால் பிடிப்பு வலுவாக இராது. பல இடங்கள் மாறிய புரதம் பல ஏற்பிகளை ஒரே நேரத்தில் பிடித்துக் கொத்தாகச் சேர்க்கும்போதுதான் செய்தி உரக்கக் கேட்கும். முற்றிய புரதக் கூட்டத்தில் எந்த வகை இந்த ஏற்பியை உண்மையில் தூண்டுகிறது என்பதில் ஆய்வகங்களுக்கிடையே இன்னும் பூசல் இருக்கிறது. மெத்தில்கிளையாக்சால் வழியாக வரும் வகைக்கு ஆதாரம் வலுவாகவே இருக்கிறது.

தெருநாயை நினைத்துக்கொள்ளுங்கள். அது தபால்காரரைப் பார்த்தும் குரைக்கும், திருடனைப் பார்த்தும் குரைக்கும். ஆள் யார் என்பது அதற்குத் தெரியாது; பழகாத வாடை என்பது மட்டும் தெரியும். ரேஜும் அப்படித்தான். சர்க்கரையோடு எந்தத் தொடர்பும் இல்லாத பலவற்றுக்கும் அது எதிர்வினை காட்டுகிறது: சிதைந்த செல்லின் கருவிலிருந்து கசியும் ஹெச்எம்ஜிபி1 என்ற புரதம், அழற்சியின்போது வெள்ளணுக்கள் கொட்டும் எஸ்100 வகைப் புரதங்கள், அல்சைமர் நோயாளிகளின் மூளையில் சேரும் அமிலாய்டு. அதன் மரபணு இருக்கும் இடமும் குறிப்பால் உணர்த்துகிறது. ஆறாவது குரோமோசோமில், நோய் எதிர்ப்புக்கான மரபணுக்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கும் பகுதியில் அது இருக்கிறது. நீரிழிவைக் கண்டறிவதற்காக உருவான ஏற்பி அன்று இது. திசு சேதமடைந்திருக்கிறது என்று அறிவிக்கும் பொதுவான எச்சரிக்கை ஏற்பி. முற்றிய புரதம் அதைத் தற்செயலாகத் தட்டி எழுப்புகிறது.

உள்ளே போகும் செய்தி

ரேஜின் குட்டை வாலுக்குத் தனியாக வேதிவினை செய்யும் திறன் கிடையாது. செல்லுக்குள் இருக்கும் டயாஃப்1 என்ற புரதத்தை அது பிடித்துக்கொள்கிறது. 2008இல்தான் இந்தக் கூட்டு வெளிச்சத்துக்கு வந்தது. அங்கிருந்து செய்தி கிளைவிடுகிறது. செல்லில் உள்ள நொதிகள் சில, கடும் வினைத்திறன் கொண்ட ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. அவற்றின் தூண்டுதலால் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் செல்லின் கருவுக்குள் நுழைந்து, அழற்சிக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது.

அதன் பிறகு உட்படலத்தின் குணமே மாறுகிறது. வழுக்கிப் போக விட்ட வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்தும் புரதங்கள் மேற்பரப்பில் முளைக்கின்றன. ரத்தம் உறைவதைத் தொடங்கிவைக்கும் புரதம் கூடுகிறது. நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. செல்களுக்கிடையிலான இடைவெளி கசியத் தொடங்குகிறது. கொழுப்பும் வெள்ளணுக்களும் சுவருக்குள் புகுந்து அடைப்புக்கு அடித்தளம் போடுவது இப்படிப்பட்ட படலத்தில்தான்.

இதில் வில்லங்கமான கண்ணி ஒன்று இருக்கிறது. பொதுவாக ஓர் ஏற்பியை அளவுக்கு மீறித் தூண்டினால் செல் அந்த ஏற்பியை உள்ளிழுத்துக் குறைத்துக்கொள்ளும். இன்சுலின் மிகுந்தால் இன்சுலின் ஏற்பி குறைவதைப்போல. ரேஜ் விஷயத்தில் நேர்மாறு. என்எஃப்-கப்பா-பி முடுக்கிவிடும் மரபணுக்களில் ரேஜின் மரபணுவும் ஒன்று. செய்தி வர வர ஏற்பி பெருகுகிறது, ஏற்பி பெருகப் பெருகச் செய்தி உரக்கிறது. ஒரு நாய் குரைத்தால் பக்கத்தில் இன்னும் இரண்டு நாய்கள் முளைப்பதுபோல.

இவையெல்லாம் சோதனைக்குழாயில் மட்டும் கண்டவை அல்ல. 1994இல் பாரிஸைச் சேர்ந்த ழான்-லுக் வோத்தியே, ஷ்மிட் குழுவினரோடு சேர்ந்து, நீரிழிவு நோயாளிகளின் சிவப்பணுக்கள் இந்த ஏற்பி வழியாக ரத்தக்குழாய்ச் சுவரில் பிணைவதைக் காட்டினார். சிவப்பணுவின் மேற்பரப்புப் புரதங்களும் சர்க்கரையால் மாறியிருந்ததுதான் காரணம்.

என் பார்வையில் இதைவிட அழுத்தமான சான்று 1998இல் வந்தது. ரேஜின் வெளிப்பகுதியை மட்டும் தனியாகச் செய்து, நீரிழிவும் ரத்தக்குழாய் அடைப்பும் உள்ள எலிகளுக்குச் செலுத்தினார்கள். சவ்வும் வாலும் இல்லாத அந்தத் துண்டு ரத்தத்தில் மிதந்துகொண்டே முற்றிய புரதங்களைப் பிடித்துக்கொள்ளும். உண்மையான ஏற்பிக்குச் செய்தி போகாது. எலிகளுக்கு அடைப்பு கணிசமாகக் குறைந்தது. ரத்தச் சர்க்கரையோ கொழுப்போ குறையவில்லை. சர்க்கரை அதே அளவு, ரத்தக்குழாய் மட்டும் மேம்பட்டது! சர்க்கரை நேரடியாகக் குழாயை அரிக்கிறது என்ற கதைக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை.

மறுபடியும் சுருக்கம்: ஏற்பி மின்னூட்ட மாற்றத்தை உணர்கிறது, செல் அதைச் சேதச் செய்தியாக எடுத்துக்கொண்டு அழற்சியில் இறங்குகிறது, ஏற்பி தன்னையே பெருக்கிக்கொள்கிறது. கெடுதலின் பெரும்பகுதி செல்லின் சொந்த எதிர்வினை.

உணவு பற்றிய பயம்

இந்தக் கட்டத்தில் வாசகர் கேட்கக்கூடிய கேள்வி: "அப்படியானால் பால்கோவாவும் முறுகல் தோசையும் சாப்பிட்டால் இந்த முற்றிய புரதங்கள் நேராக ரத்தக்குழாய்க்குப் போய்விடுமா?" உணவுப் புரதம் குடலில் சிறு துண்டுகளாகவும் தனி அமினோ அமிலங்களாகவும் உடைகிறது. அதில் ஒரு பகுதிதான் ரத்தத்துக்குள் வருகிறது. அதையும் ஆரோக்கியமான சிறுநீரகம் வெளியேற்றுகிறது. தனித்த ஒற்றை அமினோ அமிலம் ஏற்பியை வலுவாகப் பிடிப்பதும் இல்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நிலைமை வேறு. அவர்கள் உடலில் இவை தேங்குகின்றன. மற்றவர்களுக்கு உணவின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. பால்கோவாவை இந்தக் குற்றத்துக்காகக் கூண்டில் ஏற்ற ஆதாரம் போதாது. அதில் கொட்டிய சர்க்கரையும் கொழுப்பும் தனி வழக்கு.

ஆரம்பக் கட்டுப்பாடு ஏன் நெடுநாள் பேசுகிறது?

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் டிசிசிடி என்ற ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தினர். ஹெச்பிஏ1சி சுமார் 7 சதவீதம். மறு பிரிவினர் அந்நாள் வழக்கப்படி சிகிச்சை பெற்றனர், சுமார் 9. ஆய்வு முடிந்த பிறகு இரு பிரிவினரின் அளவும் ஏறக்குறைய 8இல் வந்து கலந்துவிட்டது. ஆனாலும் 2005இல் வெளியான முடிவில், தொடக்கத்தில் கட்டுப்பாட்டோடு இருந்தவர்களுக்கு இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 42 சதவீதம் குறைவாக இருந்தன. பழைய சர்க்கரையின் தடத்தை உடல் எங்கோ வைத்திருக்கிறது. எளிதில் புதுப்பிக்கப்படாத கொலாஜனில் சேர்ந்த முற்றிய புரதம் அந்தத் தடங்களில் ஒன்று. பங்கேற்றவர்களின் தோல் துணுக்குகளில் அதை அளந்து பார்த்தபோது, அளவு கூடியவர்களிடம் சிக்கல்களும் கூடுதலாகவே இருந்தன.

மருந்து எங்கே?

முதல் முயற்சி, முற்றுவதையே தடுப்பது. அமினோகுவானிடின் என்ற பொருள் 1980களில் பெரும் நம்பிக்கை தந்தது. மனிதர்களிடம் சோதித்தபோது பலன் போதவில்லை, பக்கவிளைவுகளும் வந்தன. அடுத்த முயற்சி, ஏற்பியின் வெளிமுனையை அடைப்பது. அசெலிராகான் என்ற மாத்திரையை அல்சைமர் நோயாளிகளிடம் சோதித்தார்கள்; 2018இல், பெரிய அளவில் மனிதர்களிடம் நடத்தும் மூன்றாம் கட்ட மருந்துச் சோதனையில் அது தோற்றது. "முற்றிய புரதத்தைக் கரைக்கும்" என்று விற்பனைக்கு வரும் மாத்திரைகளுக்கும் முகப்பூச்சுகளுக்கும் இந்தத் தோல்விகளைத் தாண்டிய சான்று எதுவும் இல்லை.

வெளிமுனையில் வந்து பிணைபவை ஒன்றிரண்டல்ல. ஒன்றுக்கொன்று வடிவ ஒற்றுமையே இல்லாத பெருங்கூட்டம். ஒரு பொருளை வைத்து அத்தனையையும் தடுப்பது கடினம். ஆனால் எது வந்து பிணைந்தாலும் செய்தி போக வேண்டியது அந்தக் குட்டை வால் வழியாகத்தான். எனவே ஷ்மிட்டின் குழு, இப்போது நியூயார்க் பல்கலைக்கழகத்தில், கவனத்தைச் செல்லுக்குள் திருப்பியிருக்கிறது. ரேஜின் வாலும் டயாஃப்1 புரதமும் சேரும் இடத்தில் புகுந்து பிரிக்கும் ஒரு சிறு மூலக்கூறை அவர்கள் 2021இல் அறிவித்தார்கள். நீரிழிவு எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது சிறுநீரகச் சேதம் குறைந்தது, புண்கள் விரைவாக ஆறின. அந்த எலிகளிலும் ரத்தச் சர்க்கரை குறையவில்லை.